ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டும் பயிற்சிக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறீர்கள், சொல்லும்படியான விபத்து எதுவும் இல்லை. போன மாதம் 400 குதிரைத்திறனைத் தாண்டிய ரியர் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். அதை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு நாள் பயிற்சிக்குப் போகலாம் என்று விசாரித்தால், அந்தக் காருக்கு நான்கு டயரும் புதிதாகப் போட்டு பிரேக்கையும் முழுசாக மாற்ற ஆகும் செலவைக் கட்டணமாகச் சொல்கிறார்கள். "உயிருக்குப் பாதுகாப்புன்னா போயிட்டு வாங்க" என்கிறார் மனைவி. "அங்க சொல்லித் தர்றதெல்லாம் யூடியூப்லயே இருக்குடா, மிச்சத்துக்கு சிமுலேட்டர் போதும்" என்கிறார் நண்பர். காசுக்குத் தகுமா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. சாலையில் விபத்து குறையுமா? காரை நன்றாக ஓட்ட வருமா? கொடுத்த பணத்துக்கு அந்த இரண்டு நாளில் உருப்படியாக எவ்வளவு கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. முதல் கேள்விக்கான பதில் உங்கள் மனைவிக்குப் பிடிக்காது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடம் ரேஸ் டிராக்குகளில் இன்ஸ்ட்ரக்டராக, ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த சீட்டில் ஸ்டீயரிங் கிடையாது, பெரும்பாலான கார்களில் பிரேக்கும் கிடையாது. வாய் மட்டும்தான். அதை வைத்தே சம்பாதித்தவன் என்பதால், பயிற்சியைப் பற்றி நான் சொல்லும் நல்லதில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள். நானே போட்டிகளில் ஓட்டியது சொற்பம், ஜெயித்தது அதைவிடச் சொற்பம்.

சரி, பாதுகாப்பு. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று உண்டு. அதன் ஆய்வாளர்கள் 1974ல் ஒரு வேலை செய்தார்கள். ரேஸ் ஓட்ட முறையாக உரிமம் வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவர்கள் சாதாரணச் சாலையில் எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்று புளோரிடா, நியூயார்க், டெக்சாஸ் மாநிலங்களின் பதிவேடுகளில் பார்த்தார்கள். மற்ற ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால் ரேஸ்காரர்களுக்கு அபராதமும் அதிகம், மோதலும் அதிகம். காரைக் கையாளும் திறமையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, ஆனாலும் முடிவு இப்படி. இதை வைத்துப் பயிற்சிதான் அவர்களைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. வேகத்தில் ஆசை உள்ளவர்கள்தானே ரேஸுக்கே போகிறார்கள். திறமை மட்டும் ஆளைக் காப்பாற்றாது என்பது வரைக்கும் சொல்லலாம்.

நார்வேயில் நடந்தது இதைவிட நேரடியானது. புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு, வழுக்கும் தரையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை 1979ல் கட்டாயமாக்கினார்கள். கேட்டால் யாருக்கும் நல்ல யோசனையாகத்தான் படும். 1988ல் வந்த மதிப்பீட்டைப் பார்த்தால், பயிற்சி பெற்ற இளைஞர்களிடம் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. ஏன் என்பதற்கு ஸ்வீடனில் 1996ல் வெளியான ஒரு சோதனை துப்புக் கொடுக்கிறது. கற்றுக்கொள்ள வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழுக்கும் தரையில் பிரேக் போட்டுத் தப்பிக்கும் வித்தை; இன்னொரு பிரிவுக்கு, அந்த வித்தை எவ்வளவு சுலபமாகக் கைவிட்டுப் போகும் என்பதைக் காட்டும் பாடம். பிறகு ஓட்டவிட்டுப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஒரே லட்சணம். ஆனால் வித்தை கற்ற பிரிவு மட்டும், தான் ரொம்ப நன்றாக ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தது. கையில் ஒன்றும் ஏறவில்லை, தலையில் மட்டும் ஏறியிருக்கிறது.

இந்த ஆய்வுகளெல்லாம் புதிதாகக் கற்பவர்களையும் ரேஸ்காரர்களையும் பற்றியவை. பன்னிரண்டு வருட அனுபவமுள்ள உங்களுக்கு அப்படியே பொருந்துமா என்பதை அவை தீர்த்துவைக்காது. ஆனால் எனக்குப் பொருந்தியது. நான் மாணவனாகப் போன முதல் பயிற்சி முடிந்த அன்று மாலை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் ஒரு வளைவு. காலையில் அதே மாதிரி வளைவில் என்ன செய்தோம் என்பது உடம்பில் இன்னும் சூடாக இருந்தது. கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே விட்டேன். வளைவின் பாதியில், ஏதோ லாரியிலிருந்து சிந்திய ஜல்லி. முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறியதும் ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி லேசாகிவிட்டது. திருப்பிய பக்கம் கார் வரவில்லை. வெளிப்புறத் தடுப்புக்கு ஒரு முழம் இருக்கும்போது டயர் மறுபடி தார்ச்சாலையைப் பிடித்தது. அன்றைக்குக் கற்றது எதுவும் என்னைக் காப்பாற்றவில்லை. எதிரில் வண்டி வராதது காப்பாற்றியது. ரேஸ் டிராக்கில் ஜல்லி சிந்தியிருந்தால் கொடி காட்ட ஆள் நிற்பான், எதிரில் யாரும் வரமாட்டார்கள், குறுக்கே குழந்தை ஓடாது. சாலை விபத்தில் பெரும்பங்கு தூக்கம், குடி, போன், கவனக்குறைவு, கண்மூடித்தனமான வேகம் ஆகியவற்றில் முளைப்பது. டிராக்கில் இவற்றுக்கு வகுப்பு நடத்துவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சறுக்கும் காரை மீட்கும் வித்தையில் பெரும்பகுதியை உங்கள் கார் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கிறது. இ.எஸ்.சி. என்ற நிலைத்தன்மைக் கட்டுப்பாடு 1995ல் மெர்சிடிஸ் காரில் முதன்முதலாக வந்தது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014லிருந்தும் புதுக் கார்களில் கட்டாயம். அது எந்தச் சக்கரம் தேவையோ அதை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிரேக் பெடல். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் அதனோடு போட்டி போட முடியாது. அதனால் மனைவியிடம் "பாதுகாப்புக்காகப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள். ஆசைக்காகப் போகிறேன் என்று சொல்லுங்கள், அதில் தப்பில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன்: பிரேக். இதை நான் நூற்றுக்கணக்கான முறை பார்த்துவிட்டேன். நீளமான நேர்பாதை, இரண்டு ஆரஞ்சு கோன். "100ல் வாருங்கள், கோன் வந்ததும் பிரேக்கை உடைத்துவிடுவது போல மிதியுங்கள்" என்று சொல்வேன். வருவார்கள். கோன் வரும். மிதிப்பார்கள், ஆனால் சிவப்பு விளக்கில் நிற்பதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, அவ்வளவுதான். "இன்னும்" என்பேன். அடுத்த முறை இன்னும் அழுத்துவார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கி பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். மூன்றாவது, நான்காவது முறைதான் அந்த அதிர்வின் மேலேயே காலை வைத்துக் கடைசி வரை நிற்பார்கள். சீட் பெல்ட் நெஞ்சில் வெட்டும், டாஷ்போர்டில் இருந்த பேனா கண்ணாடியில் போய் விழும், கார் நின்றதும் ஒரு நிமிடம் பேசமாட்டார்கள். இருபது வருடம் ஓட்டியவரும் தன் கார் இவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறார். இது நான் மட்டும் கண்டதில்லை. டைம்லர்-பென்ஸ் நிறுவனம் தன் சிமுலேட்டரில் சாதாரண ஆட்களை வைத்துச் சோதித்தபோதும், ஆபத்தில் வேகமாக மிதிக்கிறார்கள், ஆனால் போதுமான அழுத்தம் கொடுப்பதில்லை என்றுதான் தெரிந்தது. பிரேக் அசிஸ்ட் என்ற உதவி 1996ல் வந்தது அதனால்தான்.

அதே நேர்பாதையில் ஒரு கணக்கையும் சொல்லிக் கொடுப்பேன். நல்ல டயர், காய்ந்த தார், முழு பிரேக் என்றால் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் ஆகும். யோசித்துக் காலை எடுத்து வைக்க ஒரு விநாடி என்றால், அதில் மட்டும் 28 மீட்டர் போய்விடும். அதைத் தனியாகச் சேருங்கள். இப்போது இரண்டு கார்கள் ஒரே கோட்டில் பிரேக் போடுகின்றன: ஒன்று 100ல், இன்னொன்று 120ல். முதல் கார் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது இரண்டாவது கார் எவ்வளவு வேகத்தில் இருக்கும்? எல்லாரும் 20 என்பார்கள். விடை 66. வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறுவதால் வரும் வினை இது. காகிதத்தில் போட்டுக் காட்டினால் தலையாட்டுவார்கள். கோனைத் தாண்டி 66ல் பறந்துபோனால் மறக்கமாட்டார்கள்.

இனி இரண்டாவது கேள்வி, நன்றாக ஓட்ட வருமா. வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்திலிருந்து வராது. வருகிறவர்கள் கையையும் காலையும் பற்றிக் கேட்பார்கள். நாங்கள் முதலில் திருத்துவது கண்ணை. பயந்தவர் எதை இடித்துவிடுவோமோ அதையே பார்ப்பார், பார்த்த இடத்துக்கே கை காரைக் கொண்டுபோகும். என் மாணவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டிய அறுவைச் சிகிச்சை மருத்துவர், காலை முழுக்க ஒரே வளைவில் ஒரே கோனைச் சாய்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஸ்டீயரிங்கில் வெளுத்துப்போயிருந்தன. கடைசியில் அவர் வலது காதுக்கருகில் என் கையை நீட்டி, வளைவு முடியும் இடத்தைக் காட்டி, "அங்கே நிற்கும் ஆளின் தொப்பி என்ன நிறம்?" என்று கேட்டேன். அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் தானாகச் சுற்றி வெளியே வந்துவிட்டது. "சிவப்பு" என்றார், அப்புறம்தான் கோன் விழவில்லை என்று கவனித்தார். இது வீடியோவில் வராத பாடம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உங்கள் கண்ணைப் பார்த்தால்தான் நடக்கும். சாலைக்கும் இது ஒத்துவரும்.

அடுத்தது எடை எங்கே போகிறது என்பது. காருக்கும் பூமிக்கும் உள்ள தொடர்பு நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். 1500 கிலோ கார், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், முழு பிரேக்கில் சுமார் 300 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். முன்டயருக்கு விருந்து, பின்டயருக்குப் பட்டினி. வளைவுக்குள் வேகம் அதிகம் என்று பயந்து சட்டென்று ஆக்ஸிலேட்டரை விடுகிறவருக்கும் அளவில் குறைவாக இதுவேதான் நடக்கிறது: பின்பக்கம் லேசாகி வெளியே வீசும். தண்ணீர் விட்ட வட்டத்தளத்தில் 40 கி.மீ. வேகத்தில் இதைச் செய்யவைப்போம். கார் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்னோக்கி நிற்கும், எல்லாரும் சிரிப்பார்கள். உங்களுடைய மாதிரி காரை வைத்திருப்பவர் அந்தச் சுற்றலை ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தில் முதுகெலும்பில் உணர்ந்திருப்பது நல்லது. அது சறுக்கினால் மீட்டுவிடலாம் என்ற தைரியத்துக்காக அல்ல. எவ்வளவு சீக்கிரம் அது கைமீறுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக. ஸ்வீடனில் இரண்டாவது பிரிவுக்குச் சொன்ன பாடமும் அதுதான். மாணவர் ஜெயித்த இடத்தில் பயிற்சியை முடிக்கிற இன்ஸ்ட்ரக்டரைவிட, ஐந்து கி.மீ. வேகத்தைக் கூட்டி அவரைத் தோற்க வைத்து முடிக்கிறவர் நல்லவர் என்பது என் அபிப்ராயம்.

வளைவு வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை, நல்ல பிடிமானத்தில் சுமார் 80 கி.மீ. வேகத்தில் எடுக்கலாம். அகலத்தை முழுக்கப் பயன்படுத்தி, வெளியிலிருந்து உள்ளே வந்து மறுபடி வெளியே போனால் அதே வளைவை 70 மீட்டர் ஆரமாக்கலாம். அப்போது 94 வரை தாங்கும். டிராக்கில் சொல்லும் லைன் என்பதன் ரகசியம் இவ்வளவே. ஆனால் 80 தாங்கும் இடத்தில் 88ல் நுழைந்தால், பத்து சதவீதம்தானே என்று தோன்றும், டயரிடம் 21 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறீர்கள். அது கொடுக்காது. நிதானமாக உள்ளே போய் வேகமாக வெளியே வருகிறவர் மதியத்துக்குள் மற்றவர்களை முந்திவிடுவார். இந்தப் பகுதி வேடிக்கை, சந்தோஷம், டிராக்குக்கு மட்டும். சாலையில் எதிர்த்தடத்தைக் கடன் வாங்கி லைன் போடுகிறவரோடு நான் பயணம் செய்யமாட்டேன்.

மூன்றாவது கேள்வியில்தான் பணம் வீணாகிறது. இரண்டு நாள் என்றால் பதினாறு மணி நேரம் ஓட்டுவோம் என்று வருகிறார்கள். காலையில் கையெழுத்து, ஹெல்மெட் அளவு பார்ப்பது, வகுப்பு. அப்புறம் குழு பிரித்தல். நீங்கள் ஓட்டும்போது இன்னொருவர் காத்திருப்பார், அவர் ஓட்டும்போது நீங்கள். காரும் ஆற வேண்டும், டயரும் ஆற வேண்டும், சாப்பாடு, அப்புறம் சான்றிதழ், போட்டோ. ஒரு காருக்கு மூன்று பேர் என்று போடும் இடத்தில், எட்டு மணி நேர நாளில் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருப்பது ஒரு மணி நேரத்தை எட்டினாலே பெரிது. கட்டணத்தை நாளால் வகுக்காதீர்கள், கையில் ஸ்டீயரிங் இருக்கும் நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது விலை அதிகமாகவும், விலை அதிகம் என்று தள்ளியது மலிவாகவும் மாறிவிடும். நிமிடங்களிலும் இரண்டு வகை. இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருப்பது ஒன்று. அவர் முன்னால் ஒரு காரில் போக, நீங்கள் வாத்துக்குஞ்சு மாதிரி வரிசையில் பின்தொடர, வாக்கி டாக்கியில் குரல் மட்டும் வருவது இன்னொன்று. இரண்டாவதில் வரிசையின் மந்தமான ஆள் எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் எல்லாருக்கும். உங்கள் கண் எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு நான் பாதிப் பணம்கூடக் கொடுக்கமாட்டேன். சூப்பர் காரில் மூன்று லேப் ஓட்டவிடும் கொண்டாட்டங்கள் தனி. அது பிறந்தநாள் பரிசு. பயிற்சிக் கணக்கில் சேராது.

இந்தப் பள்ளிகளும் இரண்டு வழியில் வந்தவை. பாப் பாண்டுரண்ட் என்ற அமெரிக்க ரேஸ் டிரைவருக்கு 1967ல் வாட்கின்ஸ் க்ளென் டிராக்கில் சுமார் 240 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் பாகம் உடைந்து கார் உருண்டது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி யோசித்து, 1968ல் ஓட்டுநர் பள்ளி தொடங்கினார். இப்படி ரேஸ்காரர்கள் நடத்துவது ஒரு வழி. கார் நிறுவனங்களே நடத்துவது இன்னொரு வழி, பி.எம்.டபிள்யூ. 1977லேயே தொடங்கிவிட்டது. நிறுவனப் பள்ளிகளில் கார்கள் புதுசு, ஏற்பாடு கச்சிதம், பாதுகாப்பும் நன்று. ஆனால் அடுத்த காரை உங்களுக்கு விற்பதும் அவர்கள் வேலையில் சேர்த்தி. அதனால் அதிகம் திருத்தமாட்டார்கள், அதிகம் பாராட்டுவார்கள். ரேஸ்காரர்கள் பள்ளியில் திட்டு விழும், டீ ஆறிப்போயிருக்கும், கற்றுக்கொள்வது கூடும். இது என் பொதுவான அனுபவம்தான்; இரண்டு பக்கமும் நேர்மாறான ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஓட்டுகிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வராது. கோப்பை வாங்கியவரின் பெயரைப் பார்த்து மட்டும் பணம் கட்டாதீர்கள்.

சொந்தக் காரைக் கொண்டுபோகலாமா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 200லிருந்து பிரேக் போடும்போது 100லிருந்து போடுவதைவிட நான்கு மடங்கு வெப்பத்தை பிரேக் விழுங்க வேண்டும், அதுவும் ஒரு லேப்பில் பல முறை. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155தான். செகண்ட் ஹேண்ட் காரில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? கொதித்தால் குமிழி கட்டி, பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். ஒரு மாணவரின் காரில் அது நடந்தபோது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அகலமான மணல்குழி இருந்த வளைவு என்பதால் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆயில், பேட், டயர் எல்லாவற்றையும் கட்டணத்தோடு கூட்டுங்கள். இன்ஷூரன்ஸ் தாளையும் எடுத்துப் படியுங்கள். டிராக்கில் நடந்ததற்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பது சாதாரணம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் பணம் கட்டி யாரும் தன் காரை 20.8 கி.மீ. சுற்றிவரலாம், ஆனால் இரும்புத் தடுப்பை இடித்தால் அதன் செலவையும் ஓட்டியவரிடமே வாங்குவார்கள். அதனால் முதல் முறைக்குப் பள்ளியின் கார்தான் புத்தி. அவர்கள் டயர், அவர்கள் பிரேக், அவர்கள் கவலை. அதிலும் சக்தி குறைந்த கார் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். 150 குதிரைத்திறன் கார் உங்கள் தப்பை மெதுவாகக் காட்டும், நீங்கள் பார்த்துத் திருத்த நேரம் இருக்கும். 600 குதிரைத்திறன் கார் நேர்பாதையில் நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்து, வளைவில் செய்த தப்பை மறைத்துவிடும்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. டிராக்கின் வரிசை, எந்த வளைவுக்கு அப்புறம் எது, எங்கே பிரேக், வளைவின் உள்விளிம்பைத் தொடும் அபெக்ஸ் எங்கே, இதையெல்லாம் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர் முதல் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறார். ரேஸ் டிரைவர்களே அப்படித்தான் தயாராகிறார்கள். ஆனால் சிமுலேட்டரில் பயம் கிடையாது. இடித்தால் ஒரு பட்டனை அழுத்தித் திரும்ப ஓட்டலாம். சீட்டின் வழியாக இடுப்புக்கு வரும் செய்தி, பின்டயர் நழுவத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்னால் உடம்பு அறிவது, அதுவும் கிடையாது. சிமுலேட்டர் ஆட்களை நான் முதல் லேப்பிலேயே கண்டுபிடித்துவிடுவேன்: லைன் அழகாக இருக்கும், பிரேக் மட்டும் கூச்சப்படும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டு நாள் பயிற்சியை இப்போது எடுக்கமாட்டேன். ஒரு நாள் அடிப்படைப் பயிற்சி எடுப்பேன்: பிரேக், தண்ணீர் விட்ட வட்டம், கோன்களுக்கிடையே ஒதுங்கும் பயிற்சி, மாலையில் கொஞ்சம் டிராக், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில். இரண்டாம் நாளில் கற்பது முதல் நாளைவிட எப்போதும் குறைவு. களைப்பில் மாணவர்கள் செய்யும் தப்புகள் பெரும்பாலும் இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல்தான் வரும். மூன்று மாதம் கழித்து, உங்கள் காரோடு பழகியபின், ஆசை அப்படியே இருந்தால் இன்னொரு நாள் போங்கள். நடுவில் பிடித்துப்போனால் கார்ட் எனும் குட்டி ரேஸ் வண்டி ஓட்டுங்கள். லைனும் பொறுமையும் அதில் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். இந்த முறையில் முதல் நாளுக்கான பணம் தகும் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு நாளாக, சூப்பர் காரில், வரிசையில் பின்தொடரும் வகை என்றால் தகாது. நடுவில் உள்ளவை அந்தந்த இன்ஸ்ட்ரக்டரைப் பொறுத்தவை, அதை இங்கிருந்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து, "ஸ்டீயரிங் எத்தனை நிமிடம் என் கையில் இருக்கும், அதில் எத்தனை நிமிடம் ஆள் பக்கத்தில் உட்காருவார்?" என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் எண் உடனே வரும், ஏனென்றால் அவர்கள் அட்டவணை போட்டிருப்பார்கள். "அதெல்லாம் தாராளமா கிடைக்கும் சார்" என்றால் போனை வைத்துவிடலாம். இன்னொன்று: பிரேக் பயிற்சிக்கு மட்டும் தனியாக அரை நாள் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதற்கு மனைவியின் பெயரையும் கொடுத்து, அவர் தினமும் ஓட்டும் காரையே எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் முறை பெடல் அதிரும்போது அவரும் காலை எடுத்துவிடுவார். நான்காவது முறை எடுக்கமாட்டார்.